கெண்டைக்கால் வரவு செலவு

கால் வலிக்கிறது என்று மட்டும் வெளியில் சொல்லிவிடக் கூடாது. தலைவலி என்றால் ஒரு மாத்திரைப் பெயரோடு விட்டுவிடுவார்கள். கால் என்றால் ஆளுக்கொரு வைத்தியம், வைத்தியத்துக்கொரு விலை, விலைக்கொரு தள்ளுபடி. பெங்களூரில் இருக்கும் மகன், அடிக்கடி வந்து போகும் மைத்துனன், எதிர்வீட்டுத் தமிழாசிரியர், வாசலில் கீரை விற்கும் அம்மா என்று எல்லோருமாகச் சேர்ந்து என் இடது கெண்டைக்காலைத் தத்து எடுத்துக்கொண்டார்கள்.

சர்வீஸ் முழுவதும் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தே தேய்ந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். நீள நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு, இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பலன் என்று தலைப்பு எழுதி, எது கட்டுப்படியாகும் என்று பார்க்க உட்கார்ந்தேன். நோட்டு 60 ரூபாய். அதைச் செலவில் ஏற்றினேன். பலன் பக்கத்தில் சிறு கோடு இழுத்தேன்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்கள் வீடு. வாசலில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். எங்கள் வீதியில் வருஷா வருஷம் ஓடும் சித்திரைத் தேரும் இப்படித்தான்: நாலு வீடு தாண்டும், முட்டுக்கட்டை விழும், நிற்கும், இழுத்தால் மறுபடி அசையும். தேருக்காவது வடம் பிடிக்க ஆயிரம் பேர் உண்டு. நான் கடைக்குக் கிளம்பிய கால் மணி நேரத்தில் மனைவியிடமிருந்து போன் வரும்: "என்னங்க, தேர் இப்ப எங்க நிக்குது?"

காலுக்குப் போகிற தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிப் போவதால் வருவது இது. சும்மா உட்கார்ந்திருக்கும் தசைக்கு அந்த வழியாக வருகிற ரத்தம் போதும். நடக்கிற தசை பல மடங்கு கேட்கும். வராது. உடனே வலி. மருத்துவ உலகம் இந்த நோயை முதலில் கண்டுகொண்டது மனிதனிடம் அல்ல. 1831ல் பாரிஸில் பூலே என்ற கால்நடை மருத்துவர், வண்டி இழுக்கும் குதிரை ஒன்று கொஞ்ச தூரம் ஓடியதும் நொண்டுவதையும், நின்றதும் சரியாவதையும் பார்த்து எழுதினார். மனிதனுக்கும் அதுவே வருகிறது என்று ஷார்கோ எழுதியது 1858ல். இதை ஆவலோடு மனைவியிடம் படித்துக் காட்டினேன். "குதிரையாவது வண்டி இழுத்துச்சு" என்றாள்.

வலியைவிடப் பெரிய தொல்லை, அது வருகிற இடம். என் காலின் எல்லை மிகச் சரியாக ஒரு அடகுக் கடை வாசலில் வந்து முடிந்தது. வீதியில் சும்மா நிற்க வெட்கம். அதனால் ஏதோ அலுவல் இருப்பவனாகக் கடைக்குள் எட்டிப் பார்ப்பேன், போர்டில் எழுதியிருக்கும் வட்டி விகிதத்தைப் படிப்பேன், பெருமூச்சு விடுவேன். பெருமூச்சு வலியினால்தான். ஆனால் தினமும் காலையில் ஒரு ஓய்வூதியர் அடகுக் கடை வாசலில் நின்று வட்டி விகிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் உலகம் என்ன நினைக்கும்? முதலில் கடைக்காரர் நாற்காலி போட்டு, "எத்தனை பவுன் சார்?" என்று கேட்டார். பிறகு தமிழாசிரியர் என்னைத் தனியாக அழைத்து, பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்களா என்று விசாரித்தார். கடைசியில் கும்பகோணத்திலிருந்து கொழுந்தியாள் போன் செய்து, "அக்கா, அந்த ரெட்டை வடம் சங்கிலி இருக்கா, இல்ல மாமா எடுத்துட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டதும்தான் மருத்துவரிடம் போவது என்று முடிவாயிற்று. அதுவரை என் கால் வலிக்கு அந்த வீட்டில் யாரும் அவ்வளவு அவசரம் காட்டியதில்லை.

மருத்துவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்துக் கையில் ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு கணுக்காலிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். கையில் 150, இடது கணுக்காலில் 102. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.68. ஆரோக்கியமான காலில் இது 1ஐ ஒட்டி இருக்கும். 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. எனக்கு அந்தப் பரிசோதனை மிகவும் பிடித்துப்போயிற்று. ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை, ஒரே ஒரு வகுத்தல். "நூத்துக்கு அறுபத்தெட்டா? வாழ்க்கைல முதல் தடவையா முதல் வகுப்பு" என்றாள் மனைவி. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும் என்றார் மருத்துவர். குழாய்ச் சுவர் இறுகிப்போய், பட்டை அழுத்தினாலும் அமுங்காமல், பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டுமாம். எனக்குச் சர்க்கரை புதுசு என்பதால் என் மதிப்பெண் செல்லும்.

இனி நோட்டு.

முதல் வரவு மகன் அனுப்பிய மசாஜ் மெஷின். 17,999 ரூபாய். அதன் மேல் போட்டிருந்த விலை அதைப் போல இரண்டு மடங்கு, ஆகவே எனக்குப் பாதி லாபம் என்று மகன் போனில் விளக்கினான். இந்த வகை லாபத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் ஆபீசில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காலை உள்ளே விட்டால் பிடித்துப் பிசைந்து, சூடு கொடுத்து, கொஞ்சம் பாட்டும் பாடியது. சுகமாகத்தான் இருந்தது. எழுந்து நடந்தேன். அதே அடகுக் கடை. மேலே தசையைப் பிசைந்தால் உள்ளே தமனியில் கெட்டியாகிவிட்ட படிவு கரையாது. பெட்டியில் மட்டும் 'ரத்த ஓட்டம் சீராகும்' என்று ஆறு மொழிகளில் எழுதியிருந்தது.

இரண்டாவது, மைத்துனன் கொண்டுவந்த இறுக்கமான காலுறை. அவனுடைய மேலதிகாரிக்கு நரம்பு சுருட்டலில் கைகண்ட பலனாம். "போட்டுப் பாருங்க அத்தான், பஞ்சா பறப்பீங்க." அதை மாட்டுவதற்கே மூன்று பேர் வேண்டும். மாட்டுவதற்கு முன் மனைவி மருத்துவருக்குப் போன் செய்து கேட்டுவிட்டாள். காலிலிருந்து ரத்தத்தை மேலே அனுப்பும் சிரைகளில் கோளாறு என்றால்தான் அந்த உறை உதவும். எனக்கு ரத்தம் கீழே வருவதிலேயே தட்டுப்பாடு. வருவதே கொஞ்சம், அதையும் வெளியிலிருந்து இறுக்கினால், அடைப்பு கடுமையாக உள்ளவர்களுக்குத் தோல் புண்ணாகிப்போகும் ஆபத்தும் உண்டு. உறையை மைத்துனனே திரும்ப எடுத்துக்கொண்டான். போகும்போது பில்லை மட்டும் டீப்பாயின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

இலவச வைத்தியங்களை விட்டுவிட முடியுமா? பஜாரில் ஒரு மாடியில் சூடேறும் கட்டில் போட்டிருக்கிறார்கள். காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்தால் முதுகுக்கடியில் உருளைகள் ஓடும். காசு கிடையாது. படுத்திருக்கும்போது ஒரு பெண் மைக்கில், கட்டிலால் பிழைத்தவர்களின் வரலாற்றைச் சொல்லுவாள். ஓய்வூதியர்கள் எழுந்து சாட்சி சொல்லுவார்கள். அங்கே எனக்குக் கிடைத்த பலன் நல்ல தூக்கமும், பழைய சகா ஒருவரிடமிருந்து வராமலிருந்த கைமாற்றும். கட்டிலின் விலையைக் கடைசியில்தான் சொன்னார்கள். சொன்னதும் எழுந்துவிட்டேன். அந்தச் சில வினாடிகள் என் கால் எந்தத் தடையுமின்றி இயங்கியது.

மாமியார் சொன்னது கொதிக்கக் கொதிக்க உப்பு வெந்நீர். இதை மட்டும் மருத்துவர் கடுமையாகத் தடுத்தார். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். ரத்தம் போகாத காலில் வந்த புண் எளிதில் ஆறாது. தைலங்களை அவர் தடுக்கவில்லை. தோல் வறண்டு வெடிக்காமல் இருக்கும், தேய்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அடைப்பு அதற்கு மசியாது என்றார்.

'ஆபரேஷன் இல்லாமல் அடைப்பு நீக்கம்' என்று சுவரெங்கும் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். கையில் சொட்டு மருந்து ஏற்றி, ரத்தக் குழாயில் உள்ள சுண்ணாம்பைக் கழுவி எடுப்பதாகச் சொல்லும் கீலேஷன். முப்பது முறை ஏற்ற வேண்டும், மொத்தமாகக் கட்டினால் சலுகை. எனக்குச் சபலம்தான். பேன், மின்சாரம், ஊசி எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு இவ்வளவுதான் ஆகிறது என்று கணக்குப் போட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன். 2016ல் அமெரிக்க இதய நோய் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி, நடக்கும்போது வரும் இந்தக் கால் வலிக்குக் கீலேஷனால் பலன் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பலன் இல்லாதவற்றின் அதே பட்டியலில் பென்டாக்ஸிஃபிலின் மாத்திரைக்கும் இடம் உண்டு. மகன் அந்த வழிகாட்டியை அனுப்பி வைத்தபோது முதல் முறையாக அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. சலுகை அந்த மாதத்தோடு முடிந்துபோயிற்று.

மாத்திரைகளின் கணக்கு வேறு மாதிரிச் சிக்கல். ஆஸ்பிரின் 75, கொழுப்புக்கு ஒரு ஸ்டாட்டின், நடை தூரத்தை ஓரளவு கூட்டச் சிலோஸ்டசால். எல்லாம் சேர்த்து மாதம் 600 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. சிலோஸ்டசாலை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். இதயம் பலவீனமாகிச் செயலிழந்து வருபவர்களுக்கு அது ஆகவே ஆகாது. ஆரம்பத்தில் எனக்கு மண்டையிடி வந்தது. காலுக்குக் கொடுத்தது தலைக்கு ஏறிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஆனால் முதல் இரண்டு மாத்திரைகளும் முக்கியமாகக் காலுக்காக அல்ல. காலில் அடைப்பு உள்ளவனுக்கு இதயத்திலும் மூளையிலும் அதே படிவு இருக்கும் வாய்ப்பு அதிகம். இந்த நோய்க்காரர்களில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் மாட்டுபவர்கள் பல மடங்கு. அப்படியானால் 600 ரூபாயின் பலன், வராத மாரடைப்பு. வராத ஒன்றை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது? பேனாவை மூடி வைத்துவிட்டு அரை நாள் யோசித்தேன்.

இந்தக் குழப்பத்தில் நான் தனியாள் இல்லை. இங்கிலாந்தில் நைஸ் என்று ஒரு அரசு அமைப்பு, நாடு முழுவதற்கும் இதே நோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு வைத்தியம் ஒரு வருட நல்வாழ்வைத் தருவதற்கு 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் ஆகுமானால் வாங்கலாம், மேலே போனால் யோசி என்பது அவர்கள் நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல். 2011ல் அந்தக் கணக்கின்படி சிலோஸ்டசாலை ஒதுக்கிவிட்டு நாஃப்டிட்ரோஃபியூரில் என்ற மருந்தைப் பரிந்துரைத்தார்கள். அங்கே மருந்து விலை வேறு, இங்கே வேறு என்பதால் நான் அந்தத் தீர்ப்பைப் பின்பற்றவில்லை. ஆனால் அளவுகோல் பிடித்திருந்தது. "நான் ஒரு வருஷம் நல்லா இருக்கறதுக்கு நீ எவ்வளவு கொடுப்பே?" என்று மனைவியைக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், "பென்ஷன் வருஷத்துக்கு எவ்வளவு வருதோ, அவ்வளவு" என்றாள்.

நோட்டில் ஒரே ஒரு வைத்தியத்துக்கு மட்டும் செலவு மைனஸில் வந்தது. சிகரெட்டை நிறுத்துவது. அம்மா மண்டபம் போகும் வழியில் யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். தினம் ஐந்து, ஒன்று 20 ரூபாய் என்றால் மாதம் 3,000. மாத்திரைச் செலவைக் கொடுத்தும் மிச்சம். 'யாருக்கும் தெரியாமல்' என்பது என் எண்ணம். நிறுத்திவிட்டேன் என்று மனைவியிடம் ரகசியம் சொன்னபோது, "தெரியும், ஹால்ஸ் வாங்கறது நின்னு போச்சே" என்றாள். ஓ.பி. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டான், கால் விரல் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். கொழுப்பு இல்லை, சர்க்கரை இல்லை, பீடி. 1908ல் லியோ பர்கர் விவரித்த நோய் அது. புகையிலையை அடியோடு விட்டால் நிற்கும், விடாவிட்டால் விரல் விரலாகக் கேட்கும். அவனைப் பார்த்த அன்று நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை.

பெரிய வைத்தியத்துக்கு வருவோம். தனியார் மருத்துவமனை ஒன்றில், பலூன் வைத்து ஊதி ஸ்டென்ட் பொருத்த 2,40,000 ரூபாய், அறை வாடகை தனி என்று பேக்கேஜ் தாள் கொடுத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும். என் பென்ஷன், வேறெதற்கும் போதாவிட்டாலும், அந்த வரம்பைத் தாண்டப் போதுமானதாக இருந்தது. இந்த வைத்தியம் பிறந்ததே காலில்தான். 1964 ஜனவரியில் அமெரிக்காவில் போர்ட்லண்டில், காலை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த 82 வயது மூதாட்டிக்குச் சார்லஸ் டாட்டர் என்பவர் தொடைத் தமனிக்குள் குழாய் நுழைத்து அடைப்பை விரித்தார். அந்த அம்மாள் கால் பிழைத்தது. இதயத்துக்கு அந்த வித்தை பதிமூன்று வருஷம் கழித்துத்தான் போயிற்று. அதற்கும் மேலே பைபாஸ். காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போடுவது. ராத்திரி படுத்திருக்கும்போதே கால் வலித்தால், விரலில் ஆறாத புண் வந்தால், கறுத்தால், அப்போது நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டியது இவற்றுக்குத்தான், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்வதில் பயனில்லை என்பது அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

என்னுடையது நடந்தால் மட்டும் வருகிற வலி. அதற்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டில், 'நடை' என்று இருந்தது. வலிக்காமல் நடப்பது அல்ல. வலி தொடங்கும், அதையும் தாண்டி நன்றாக வலிக்கும்வரை நடக்க வேண்டும். நின்று, வலி போனதும் மறுபடி. 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று முறையாவது, குறைந்தது 12 வாரம். நடந்தால் வலிக்கிறது என்று வந்தவனுக்கு வைத்தியம், வலிக்க வலிக்க நட என்பது! கட்டணமாக 500 ரூபாய் வேறு.

நான் ஆதாரம் கேட்டேன். அவர் 2012ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைச் சொன்னார். அடிவயிற்றிலிருந்து காலுக்கு இறங்கும் குழாயில் அடைப்புள்ள 111 பேர். ஆறு மாதத்தில், மருந்து மட்டும் எடுத்தவர்கள் ட்ரெட்மில்லில் நடக்கும் நேரம் 1.2 நிமிடம் கூடியது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7. மேற்பார்வையில் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு 5.8. எனக்கு அந்த எண்கள் பிடிக்கவில்லை. நான் ஒரு நியாயமான மனிதனாக, நடக்காமல் இருப்பதற்கு ஏதாவது வழி அந்த ஆய்விலேயே இருக்கும் என்று துருவினேன். இருந்தது. வாழ்க்கைத் தரம் எப்படி என்று கேட்டபோது, பல கேள்விகளில் ஸ்டென்ட்காரர்கள்தான் அதிகத் திருப்தியோடு பதில் சொல்லியிருந்தார்கள். 2015ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு, பலூனும் நடையும் சேர்ந்தால் தனி நடையைவிட மேல் என்றது. மகிழ்ச்சியோடு இடப்பக்கம் 2,40,000 எழுதி, வலப்பக்கம் 'திருப்தி' என்று எழுதினேன். எழுதிவிட்டு ஒரு தடவை 2,40,000த்தை உரக்கப் படித்தேன். மறுநாள் காலை நடக்கக் கிளம்பினேன்.

அடகுக் கடை வலித்தது. அதைத் தாண்டினேன், இன்னும் வலித்தது. அடுத்து நின்ற இடம் ஒரு துணிக்கடை வாசலில் தொங்கும் நைட்டிகளின் நடுவில். அங்கே வட்டி விகிதம் எழுதிய போர்டும் இல்லை, எதைப் படிப்பது? நைட்டியின் விலைச் சீட்டைப் படித்தேன். தமிழாசிரியர் எதிரே வந்தார், பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போனார். அடகு வதந்தியே தேவலை. இதிலிருந்து தப்பவாவது அடுத்த காபிக் கடையைத் தொட்டுவிட வேண்டும் என்ற வைராக்கியம் வந்தது. அந்த மருத்துவர் எழுதாமல் விட்ட மருந்து அது. காபிக் கடை, பிறகு வெள்ளைக் கோபுரம், பிறகு தைத்தேர் ஓடும் உத்திர வீதி ஒரு சுற்று, என்று என் எல்லை விரிந்துகொண்டே போயிற்று.

திரும்பப் போய் கணுக்காலில் அழுத்தம் பார்த்தோம். 0.69. நான் அதிர்ந்துபோனேன். இவ்வளவு நடந்ததற்கு ஒரே ஒரு மதிப்பெண்ணா? அப்படித்தான் இருக்கும் என்றார் மருத்துவர். நடையினால் அடைப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். குழாயின் உள்சுவர் நன்றாக விரிந்துகொடுக்கப் பழகும், வருகிற கொஞ்சப் பிராணவாயுவைத் தசை வீணாக்காமல் செலவழிக்கப் பழகும், நடையும் செட்டாக மாறும். வரவு கூடவில்லை, சிக்கனம் கூடிவிட்டது. "அவரோட தசைதானே டாக்டர்" என்றாள் மனைவி.

பலன் பக்கம் ஒரு வழியாக நிரம்பியது. நோட்டை முடித்து, 'நடை: செலவு 0' என்று சிவப்பு மையில் எழுதி, மனைவியிடம் பெருமையோடு நீட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தணிக்கைக்கு உட்கார்ந்தாள். ஷூ 2,400 எங்கே என்றாள். தினப்படி காபி, அதோடு வாரத்தில் சில நாள் வீட்டுக்குத் தெரியாத மெதுவடை எங்கே என்றாள். பதில் சொல்லிச் சமாளித்தேன். அடுத்து வந்ததுதான் பெரிய ஆட்சேபணை.

"அந்த ஆராய்ச்சியில என்ன நடை?"

"மேற்பார்வையில் நடை."

"சும்மா போய் நடங்கன்னு அனுப்பினா?"

அவ்வளவு பலன் இல்லை என்று ஒத்துக்கொண்டேன். அதனால்தான் இங்கிலாந்தில் 2012லேயே, முதலில் மூன்று மாதம், வாரம் இரண்டு மணி நேரம் மேற்பார்வைப் பயிற்சி, அது போதாவிட்டால்தான் பலூன் என்று எழுதி வைத்தார்கள். மேற்பார்வைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

"அப்ப காலைல ஆறு மணிக்கு எழுப்பி, தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு பின்னாடியே வந்து, நைட்டிக் கடையில நிக்கவிடாம விரட்டினது யாரு? அதுக்கு இந்த நோட்டுல எந்தக் கட்டம்?"

கட்டம் இல்லை. பேச்சுவார்த்தை நடந்தது. நிலுவை முழுவதற்கும் ஈடாகத் தைத்தேருக்குள் ஒரு பட்டுப்புடவை என்று முடிவாகி, ஸ்டென்டைவிடக் குறைவுதான் என்று கையெழுத்துப் போட்டேன். மசாஜ் மெஷினும் அவள் பெயருக்கு மாறியது. அடுப்படியில் நின்று வருகிற காலுக்கு அது ரொம்ப நன்றாக வேலை செய்கிறதாம்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தெப்பக்குளம் போய்ப் புடவை எடுக்கிறோம். நடந்தால் வலிக்கும், நின்றால் வலிக்காது என்பது என் நோயின் இலக்கணம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஜவுளிக் கடையில் மூன்று மணி நேரம் நிற்பதும் இதில் அடங்குமா என்று வியாழக்கிழமையே போன் செய்து கேட்டுவிட வேண்டும்.